ஒரு செடி போதும்: பார்த்து வரைவது பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

26 வருடம் காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக்கு டிசைன் போட்டவள் நான். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் பூவும் கொடியும் நிரப்புவதுதான் வேலை. கண் தளர்ந்ததும் அதை விட்டுவிட்டு, இப்போது தாம்பரம் பக்கம் மொட்டை மாடியில் செடி வளர்த்து அதையே வரைந்துகொண்டிருக்கிறேன். செடி, தோட்டம், காடு, வயல் பார்த்து வரைவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னேன், கொட்டிவிட்டீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். வரிசையெல்லாம் பார்க்கவில்லை.

கேள்வி (வேளச்சேரி): அக்கா, மூன்றாவது மாடி ஃப்ளாட். பால்கனியில் நாலே தொட்டி. துளசி, கற்பூரவல்லி, ஒரு செம்பருத்தி, பாதி காய்ந்த கறிவேப்பிலை. இதில் வரைய என்ன இருக்கிறது? ஊட்டியில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

ஊட்டிக்காரர் ஒருவரும் கேள்வி அனுப்பியிருக்கிறார், "இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சை, எதை வரைவது என்றே தெரியவில்லை" என்று. உங்கள் இருவரையும் வீடு மாற்றி உட்காரவைத்தால் ஒரு வாரத்தில் இதே கேள்வியை இடம் மாற்றிக் கேட்பீர்கள்.

அந்தச் செம்பருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து இதழ் என்பது எல்லோருக்கும் தெரியும். மொட்டைப் பார்த்திருக்கிறீர்களா? மடக்கிய குடை மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும், ஒவ்வொரு இதழும் பக்கத்து இதழின் மேல் ஒரு ஓரம் ஏறி, மறு ஓரத்தை அடுத்த இதழுக்கு அடியில் கொடுத்திருக்கும். விரிந்த பிறகும் அந்த முறுக்கின் ஞாபகம் இதழில் இருக்கும், அதை வரையாமல் விட்டால் பூ பிளாஸ்டிக் மாதிரித் தெரியும். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் குழலின் நுனியை எண்ணுங்கள், ஐந்து பொட்டு. பூவுக்கு அடியில் பச்சைக் கிண்ணம் இருக்கிறதா, அதற்கும் கீழே மெல்லிய விரல்கள் மாதிரி இன்னொரு பச்சைச் சுற்று இருக்கும். நான் டிசைன் போட ஆரம்பித்து நாலைந்து வருடம் கழித்துத்தான் அதைப் பார்த்தேன். அதுவரைக்கும் நூறு செம்பருத்தியாவது போட்டிருப்பேன், எல்லாம் மனசில் இருந்த செம்பருத்தி.

பூவுக்கு ஆயுசு ஒரு நாள்தான். காலையில் விரியும், சாயங்காலம் மறுபடி சுருட்டிக்கொள்ளும், மறுநாள் விழும். ஆகவே "நாளைக்கு மீதியை வரையலாம்" என்று வைக்க முடியாது. இந்த அவசரம் நல்லது.

கறிவேப்பிலை காய்ந்திருந்தாலும் பரவாயில்லை. ஒரு ஈர்க்கை ஒடித்து வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் இலைகள் ஜோடி ஜோடியாக நிற்கின்றன என்றுதான் நினைத்திருப்பீர்கள், பெரும்பாலும் அப்படி இல்லை, கொஞ்சம் முன்னே பின்னே மாறி மாறித்தான் இருக்கும். காம்புப் பக்கம் இருப்பவை சின்னவை. தினமும் தாளிக்கிற இலையையே நாம் பார்த்ததில்லை என்றால் கொடைக்கானல் போய் என்ன பார்க்கப்போகிறோம்?

ஒரே செடியை 30 நாள் வரையுங்கள். பத்தாம் நாள் சலிக்கும். சலிப்புக்கு அப்புறம் வருகிற படங்களைத்தான் நான் பார்க்க விரும்புகிறேன்.

கேள்வி (மதுரை): எந்த நேரத்தில் வரைவது நல்லது? எனக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் ஓய்வு. அப்போது வெளியே போனால் எல்லாம் வெளுத்துப்போய்த் தட்டையாகத் தெரிகிறது.

பொதுவாகச் சொல்வது காலை 6 முதல் 8, மாலை 4 முதல் 6. வெயில் சாய்ந்து விழும்போது நிழல் நீளும், இலையின் மேடு பள்ளம் தெரியும். உச்சி வெயில் தலைக்கு நேராக விழுவதால் நிழல் காலடியிலேயே சுருங்கிவிடும், நீங்கள் சொல்லும் தட்டை அதனால்தான்.

ஆனால் இதை இன்னொரு மாதிரியும் பார்க்கலாம். நம் திணை இலக்கணத்தில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பொழுதைக் கட்டிவைத்திருக்கிறார்கள். குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை, நெய்தலுக்கு எற்பாடு (பொழுது சாயும் நேரம்), பாலைக்கு நண்பகல். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கி மறந்த பட்டியல்தான். வரைகிறவர் கண்ணால் பார்த்தால் அது ஒரு டைம்டேபிள். நெல் வயலை விடியற்காலை போய்ப் பாருங்கள், நெற்பயிரின் தாளில் பனி உட்கார்ந்திருக்கும், வரப்பு கறுப்பாக, தண்ணீர் மட்டும் வெளிச்சமாக இருக்கும். கார் காலத்து மாலையில் புதர்க்காட்டு ஓரம் நின்றால் முல்லை அப்போதுதான் விரியும், வெள்ளைப் பூ இருட்டில் தனியாகத் தெரியும். முதற்பொருள் என்று நிலத்தையும் பொழுதையும்தான் முதலில் வைத்தார்கள். பிறகுதான் மரம், பூ, பறவை என்று கருப்பொருள், கடைசியில் மனசு. நான் வகுப்பெடுத்தால் இந்த வரிசையில்தான் எடுப்பேன். முதலில் எங்கே, எப்போது; அப்புறம் என்ன; உணர்ச்சி தானாக வரும். நம்மில் முக்கால்வாசிப் பேர் உணர்ச்சியைத் தூக்கிக்கொண்டு போய் அதற்கேற்ற செடியைத் தேடுகிறோம்.

ஆக, மதியம்தான் கிடைக்கிறதா? பாலையை வரையுங்கள். வெள்ளை வானம், காய்ந்த கள்ளி, சுவரோரம் ஒரு முழ நிழலில் ஒடுங்கிக்கிடக்கும் ஆடு. மதுரையைச் சுற்றி இதற்குப் பஞ்சமா?

மதியம் இன்னொன்றும் கிடைக்கும். வேப்ப மரத்தடியில் தரையைப் பாருங்கள், வட்ட வட்டமாக வெளிச்சப் புள்ளிகள். இலை இடுக்குகள் வட்டமாகவா இருக்கின்றன? கோணல் மாணலான ஓட்டைகள். ஆனாலும் தரையில் வட்டம் விழுகிறது, ஏனென்றால் ஒவ்வொரு சின்ன ஓட்டையும் ஒரு ஊசித்துளைக் கேமரா, விழுவது சூரியனின் பிம்பம். சூரிய கிரகணத்தன்று அதே மரத்தடியில் பிறை பிறையாக விழும். இது தெரிந்த பிறகு மரத்தடி நிழலை நான் கண்டபடி புள்ளி வைத்து நிரப்புவதை விட்டுவிட்டேன்.

கேள்வி (ஈரோடு): வாட்டர்கலர் பழகுகிறேன். பச்சை மட்டும் வரமாட்டேன் என்கிறது. ட்யூபில் இருக்கும் பச்சையைப் போட்டால் எல்லாச் செடியும் ஒரே நிறம்.

ட்யூப் பச்சையை மூடி ஓரமாக வையுங்கள். ஒரு மாதத்துக்குத் தொட வேண்டாம்.

சேலைக் கடையில் போய்ப் "பச்சை" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், என்ன பச்சை என்று திருப்பிக் கேட்பார்கள். கிளிப்பச்சை, இலைப்பச்சை, பாசிப்பச்சை, வாழைக்குருத்து. வாழைக்குருத்தும் வாழையிலையும் ஒரே மரத்தில் இருக்கும் இரண்டு வேறு நிறங்கள். வார்த்தை தெரிந்தால் கண் பிரித்துப் பார்க்கும், அதனால் முதலில் பெயர் வையுங்கள், பிறகு கலக்குங்கள்.

கலவைக்கு இரண்டு நீலம், இரண்டு மஞ்சள் போதும். ஃப்தலோ நீலமும் எலுமிச்சை மஞ்சளும் சேர்ந்தால் கண்ணைப் பறிக்கும் பச்சை வரும், தண்ணீர் நிறைய விட்டால் குருத்துக்கு ஆகும். அல்ட்ராமரினும் மஞ்சள் காவியும் சேர்ந்தால் ரோட்டோரத்து வேம்பு, தூசி படிந்த பச்சை. எது ரொம்பத் துள்ளினாலும் ஒரு பொட்டு சிவப்போ பர்ன்ட் சியன்னாவோ (செம்பழுப்பு) சேர்த்தால் அடங்கும். 4 வண்ணத்தில் ஒரு பக்கம் முழுக்க 30 பச்சை கலந்து, ஒவ்வொன்றுக்கும் கீழே அது எந்த இலை என்று எழுதுங்கள்.

இலை பச்சையாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. மாந்தளிர் செம்புச் சிவப்பில் வரும், தொங்கிக்கொண்டே இருக்கும், அப்புறம் மெல்லப் பச்சையேறி நிமிரும். இளசில் சிவப்பு நிறமி முன்னால் தெரிகிறது, பச்சையம் பிறகுதான் நிறைகிறது. தலைவியின் மேனியை மாந்தளிருக்கு ஒப்பிட்டார்களே, வெறும் அழகுக்குச் சொன்னதில்லை. அந்த நிறம் இரண்டு வாரம்கூட நிற்காது என்பதும் அதில் இருக்கிறது.

கேள்வி (நாகர்கோவில்): போனில் படம் எடுத்து வீட்டில் வைத்து வரைந்தால் தப்பா?

தப்பில்லை. ஆனால் போன் பக்கத்தில் இருக்கிற இதழைப் பெரிதாக்கும், பின்னால் இருப்பதைச் சுருக்கும், சிவப்புப் பூவை ஒரே சிவப்பு அப்பலாக்கிவிடும். நிழல் நகர்ந்துவிடும் என்று பயந்தால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதை நிழலுக்கு மட்டும் பாருங்கள். செடி முன்னால் பத்து நிமிடமாவது உட்கார்ந்து கோடு போட்ட பிறகுதான் போனைத் தொடுவது என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் போதும். கொசு கடிக்கும். கடிக்கட்டும்.

கேள்வி (காரைக்குடி): பூவிலிருந்தே நிறம் எடுத்து வரையலாமா? சங்குப்பூவும் மஞ்சளும் வைத்து மகள் வரைந்தாள், அழகாக இருந்தது. ஆறு மாதத்தில் வெளிறிவிட்டது.

வெளிறத்தான் செய்யும். மஞ்சளுக்கு வெயில் ஆகாது. சங்குப்பூ, செம்பருத்தி நிறமெல்லாம் வெளிச்சத்தில் நிற்காதவை. ஆனால் அவற்றோடு விளையாடலாம். சங்குப்பூ நீலத்தில் எலுமிச்சை விட்டால் ஊதாவாகி இளஞ்சிவப்பாகும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும், ஆரத்தித் தட்டில் தினம் பார்த்ததுதான். மகளிடம் சொல்லி ஈரமாக இருக்கும்போதே படத்தின் மேல் எலுமிச்சைச் சாறைச் சொட்டவிடச் சொல்லுங்கள். வெளிறும் முன் ஒரு படம் எடுத்து வையுங்கள், அவ்வளவுதான்.

நிற்கிற நிறம் வேண்டும் என்றால் அது வேறு உலகம். அவுரி நீலம், சாயவேர்ச் சிவப்பு. நம் கடற்கரைத் துணிகளெல்லாம் அந்தச் சிவப்பில் உலகம் சுற்றின. சாயவேர் தானாகத் துணியில் பிடிக்காது, படிகாரம் முதலில் போக வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரி எழுதும் குடும்பங்கள் இருக்கின்றன. கடுக்காய் ஊறிய துணியில் இரும்பும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரால் கோடு இழுத்தால் கறுப்பு எழும். அதை நேரில் பார்த்தால் வண்ணப் பெட்டி வாங்குகிற ஆசையே கொஞ்சநாள் போய்விடும். எனக்குப் போனது, அப்புறம் வந்துவிட்டது.

கேள்வி (சேலம்): டிசைன் படிக்கிறேன். ஒரு செடியை அப்படியே வரைய வருகிறது. அதை மோட்டிஃபாக (துணியில் திரும்பத் திரும்ப வரும் உருவாக) மாற்றச் சொன்னால் கை நின்றுவிடுகிறது. நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?

இதுதான் என் சொந்த ஊர், கொஞ்சம் நீளமாகவே பேசுகிறேன்.

ஜக்கார்டு (தறியில் பூ வேலை எழுப்பும் கருவி) டிசைனுக்கு கிராஃப் தாள். கட்டத்தை நிரப்பினால் நூல் தூக்கும், விட்டால் தூக்காது. அதைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். அதாவது உங்களிடம் வளைவு என்பதே கிடையாது, படிக்கட்டுதான் இருக்கிறது. மல்லிகை மொட்டின் வளைவைப் படிக்கட்டில் சொல்ல வேண்டும். எத்தனை படி அகலம், எங்கே ஒரு படி குறைப்பது என்பதில்தான் மொட்டு மொட்டாகிறது, இல்லையென்றால் அரிசியாகிவிடும். மல்லிமொக்கு சேலையை யாராவது கட்டிக்கொண்டு வந்தால் கிட்டே போய்ப் பாருங்கள் (கேட்டுவிட்டு). சில கட்டங்கள்தான், அதற்குள் மொட்டு இருக்கும்.

மாற்றுவது என்றால் எளிமையாக்குவது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். பாதி சரி. எதை விடக்கூடாது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. தாழம்பூ ரேக்கு என்று ஒரு பழைய கரை உண்டு, ரேக்கு தெலுங்கில் இதழ். தாழம்பூவை யாரும் வட்டமான பூவாகப் போடவில்லை. கூர் கூராக அடுக்கிய மடல், அதுதான் தாழை. அந்தக் கூர் இருந்தால் மற்றதெல்லாம் போனாலும் வாசம்கூட வரும்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு இலையை நேராகப் பத்து முறை வரையுங்கள். பத்தையும் மூடிவைத்துவிட்டு ஞாபகத்திலிருந்து ஒன்று. ஞாபகத்தில் எது தங்கியதோ அதுதான் உங்கள் மோட்டிஃப். அரசிலை என்றால் வால் தங்கும். வெற்றிலை என்றால் காம்பிலிருந்து வளைந்து கிளம்பும் நரம்பு தங்கும். எதுவும் தங்கவில்லை என்றால் இன்னும் பத்து.

தப்பு நடக்கும். ஒரு முறை பவளமல்லிப் புட்டா ஒன்று போட்டேன், ஐந்து இதழ், நடுவில் ஆரஞ்சு. எனக்கு ரொம்பப் பெருமை. தறியில் ஏற்றப்போன நெசவாளி தாளைப் பார்த்துவிட்டு, "இது எங்க வீட்டு வாசல்ல தினம் விழற பூவாச்சே, இதழ் ஜாஸ்தி இருக்குமே" என்றார். நான் விடவில்லை, வாதாடினேன். மறுநாள் ஒரு கைப்பிடி பூவைத் துண்டில் முடிந்துகொண்டு வந்து மேஜையில் கொட்டினார். ஆறு இருந்தது, ஏழு இருந்தது, ஐந்தும் ஒன்றிரண்டு இருந்தது. இதழ் நுனி பிளந்து பம்பரம் மாதிரித் திரும்பியிருந்தது. அந்தத் திருகலை நான் போடவே இல்லை. அந்தத் தாளைக் கிழித்துப்போட்டேன். பூவைத் தினம் பெருக்கித் தள்ளுகிறவருக்குத் தெரிந்தது, வரைந்து சம்பளம் வாங்கிய எனக்குத் தெரியவில்லை.

கேள்வி (கோயம்புத்தூர், தாவரவியல் மாணவி): ரெக்கார்டு நோட்டில் நாங்கள் வரைவது கலையில் சேருமா? அதில் கற்பனையே இல்லையே என்று ஃப்ரெண்ட்ஸ் கிண்டல் செய்கிறார்கள்.

அவர்களுக்கு ரங்கையா, கோவிந்து என்று இரண்டு பெயரைச் சொல்லுங்கள். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் ராபர்ட் வைட் என்று ஒரு ஸ்காட்லாந்து மருத்துவர், கும்பினி வேலையில் இருந்துகொண்டே தென்னிந்தியச் செடிகளைத் தொகுத்தார். அவருக்காக வரைந்தவர்கள் இந்த இருவரும். 1838 முதல் 1853 வரை வெளிவந்த அவருடைய ஆறு தொகுதிப் படநூலில் மட்டும் 2,000க்கு மேல் படங்கள். நம் ஊர் ஓவிய மரபில் கை பழகியவர்கள், ஐரோப்பியத் தாவரப் படத்தின் ஒழுங்கைக் கற்றுக்கொண்டு இரண்டையும் கலந்தார்கள். ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் "கோவிந்தூயா" என்று பெயர் வைத்தார். இப்போது அந்தப் பெயர் வழக்கில் இல்லை, செடி வேறு பேரினத்தில் சேர்ந்துவிட்டது. அவர்கள் வரைந்த மூலப் படங்கள் எடின்பரோ தாவரவியல் பூங்காவில் இருக்கின்றன.

கற்பனை இல்லை என்பவர்களிடம் ஒன்று கேளுங்கள். ஒரு தாளில் கிளை, விரிந்த பூ, பிளந்த காய், விதை எல்லாம் ஒன்றாக இருக்கின்றன, இந்தக் காட்சியை எந்தக் கண் பார்த்தது? மூன்று பருவத்தில் பார்த்ததை ஒரே வெள்ளைத் தாளில் இடம் பார்த்து அடுக்குவதற்குக் கற்பனை வேண்டாமா? நீங்கள் பென்சிலைக் கூர் சீவி, பாகத்தைக் குறித்த கோட்டை ஸ்கேல் வைத்துப் போட்டு, நிம்மதியாக வரையுங்கள்.

கேள்வி (புதுச்சேரி): மோனே மாதிரி சொந்தமாகத் தோட்டமும் குளமும் இருந்தால் நாமும் வரையலாம். வாடகை வீட்டில் என்ன செய்வது?

பிரெஞ்சு ஓவியர் மோனேயும் ஜிவெர்னி என்ற ஊருக்கு 1883இல் வாடகைக்குத்தான் போனார். வீட்டை வாங்கியது 1890இல். குளத்துக்கான நிலம் 1893இல். ஓடைத் தண்ணீரைத் திருப்பிக் குளம் வெட்ட அனுமதி கேட்டபோது, இவர் வைக்கிற வெளியூர்ச் செடிகள் தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். அப்புறம் அந்த அல்லிகளை ஏறக்குறைய 250 படம் வரைந்தார். நடுவில் கண்புரை, 1923இல் அறுவை சிகிச்சை. 1926இல் இறந்தார், பெரிய அல்லி ஓவியங்கள் பாரிஸில் ஒரான்ஜெரி அரங்கில் மக்களுக்குத் திறக்கப்பட்டது 1927இல். தோட்டத்தைவிட அந்த 250தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரே குளம்.

நம் ஊரில் கோயில் குளமும் ஏரியும் இலவசம். ஆனால் ஒரு வேண்டுகோள், அல்லியையும் தாமரையையும் ஒன்றாகக் குழப்பி வரையாதீர்கள். அல்லியின் இலை தண்ணீரோடு ஒட்டிப் படுத்திருக்கும், ஓரத்திலிருந்து காம்பு வரை ஒரு வெட்டு இருக்கும். தாமரை இலையில் வெட்டு இல்லை, முழு வட்டம், காம்பு நடுவில் குடைக்கம்பி மாதிரி நிற்கும், பெரும்பாலும் தண்ணீருக்கு மேலே எழுந்து காற்றில் மடங்கும். தண்ணீர் ஒட்டாமல் உருளுவது தாமரை இலையில். வாழ்த்து அட்டைகளில் அல்லி இலை மேல் தாமரை உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பல் கூசும்.

கேள்வி (திருச்சி): எனக்கு 68 வயது. ஓய்வு பெற்ற பிறகு வரைய ஆசை. கை நடுங்குகிறது. நேர்கோடே வராது.

ஐயா, செடியில் நேர்கோடு எங்கே இருக்கிறது? முருங்கைக் கிளையை வரையுங்கள், நடுக்கம் அதற்குப் பொருத்தமாகவே இருக்கும். பென்சில் வேண்டாம், பருமனான தூரிகை அல்லது கரித்துண்டு. மணிக்கட்டால் வரையாமல் தோளிலிருந்து கையை வீசி, பெரிய தாளில், நின்றுகொண்டு.

அதோடு இலை அச்சு. இலையின் அடிப்பக்கத்தில், நரம்பு புடைத்த பக்கம், வண்ணம் தடவித் தாளில் அழுத்துங்கள். பலா இலை, ஆமணக்கு இலை, பூவரசு இலை எல்லாம் அருமையாக விழும். அரசிலையைத் தண்ணீரில் சில வாரம் ஊறப்போட்டால் சதை அழுகி நரம்பு வலை மட்டும் மிஞ்சும், மெதுவாகக் கழுவி எடுத்தால் அதன் மேலேயே வரையலாம். நாறும். வீட்டில் திட்டு விழும், மாடியில் வையுங்கள்.

கேள்வி (தூத்துக்குடி): தமிழ்நாட்டில் வரைய எங்கே போகலாம்? பூங்காக்கள் சொல்லுங்கள்.

தூத்துக்குடியில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்களே. உங்கள் பக்கத்துத் தேரிக்காடு, அந்தச் சிவப்பு மணல், அதில் ஒற்றைப் பனை. அதை வரைய நான் ரயில் ஏறி வர வேண்டும், உங்களுக்கு பஸ் டிக்கெட்.

பூங்கா என்றால் ஊட்டி தாவரவியல் பூங்கா, 1848இல் அமைத்தது. அங்கே எல்லோரும் பூப்பாத்தியை வரைவார்கள். எனக்குப் பாத்தி பிடிக்காது, சீருடை போட்ட பிள்ளைகள் மாதிரி நிற்கும். அங்கிருக்கும் பழைய மரங்களின் அடிமரத்தைப் பாருங்கள், பட்டையில் ஒரு ஊர் வரைபடமே இருக்கும். பிச்சாவரம் போனால் படகில் உட்கார்ந்து அலையாத்தி வேர்களை வரையலாம், தாள் நனையும். குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒரு முறை, 2018இல் பூத்தது, அந்தக் கணக்கில் அடுத்தது 2030. அதற்குள் கை பழகிவிடுங்கள்.

செங்காந்தளைக் கார்த்திகைக்கு முன்னால் தேடுங்கள், வேலியோரத்தில் இருக்கும். ஒரே பூ பச்சையில் தொடங்கி மஞ்சளாகி நெருப்புச் சிவப்பாகும். இதழ்கள் பின்னால் மடங்கி நிற்கும், இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகும். சங்கப் புலவர் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூவை அடுக்கும்போது காந்தளைத்தான் முதலில் வைத்தார். வரையுங்கள், ஆனால் கிழங்கு முதல் பூ வரை எல்லாம் விஷம், குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

கேள்வி (அம்பத்தூர்): என் பையனுக்கு 8 வயது. எப்போது வரைந்தாலும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, தென்னை மரம், குடிசை, "வி" போட்ட மாதிரி பறவை. எங்கிருந்து கற்றுக்கொண்டான் என்றே தெரியவில்லை.

நீங்களும் அதைத்தான் வரைந்தீர்கள். நானும்தான். அம்பத்தூரில் இரண்டு மலைக்கு நடுவில் சூரியன் உதித்து யார் பார்த்தது? ஆனால் அதைத் திட்டிக் கெடுத்துவிடாதீர்கள், அது அவனுக்கு எழுத்து மாதிரி, "ஊர்" என்று எழுதுகிறான். ஒரு பிரண்டைத் துண்டை ஒடித்துக் கையில் கொடுத்துக் கண்ணை மூடித் தடவச் சொல்லுங்கள். தண்டு சதுரமாக இருக்கிறது என்று அவனே கத்துவான். அப்புறம் வரையச் சொல்லுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): மூன்று மாதமாக ஒரு கோடு வரவில்லை. எதைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றவில்லை.

தோன்ற வேண்டாம். ஒரு தொட்டிச் செடிக்குத் தினம் நீங்களே தண்ணீர் ஊற்றுங்கள், வரையாதீர்கள். எட்டாம் நாள், பத்தாம் நாள், "நேற்று இந்த மொட்டு இங்கே இல்லையே" என்று ஒன்று கண்ணில் படும். அதை மட்டும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள், வார்த்தையில். எனக்கு அம்மா இறந்த வருடம் அப்படித்தான் போனது. அந்த நோட்டில் ஒரு படம்கூட இல்லை. இப்போது எடுத்துப் பார்த்தால் அதைவிட நல்ல நோட்டு என்னிடம் இல்லை.

கேள்வி (விழுப்புரம்): வீட்டுக்கு எதிரே இருந்த பூவரசு மரத்தை இரண்டு வருடமாக வரைந்துகொண்டிருந்தேன். சாலை அகலப்படுத்த வெட்டிவிட்டார்கள். 40 படம் இருக்கிறது, மரம் இல்லை. மறுபடி வேறு மரத்தைத் தொட மனசு வரவில்லை.

உங்கள் கேள்வியைக் கடைசியில் வைத்தேன், என்ன சொல்வது என்று தெரியாமல்.

அடையாறு பிரம்மஞான சபை ஆலமரத்தின் தாய்மரம் 1989இல் புயல் காற்றில் சாய்ந்தது. விழுதுகள் நின்றன, இன்றைக்கும் நிற்கின்றன, ஆட்கள் வந்து வரைந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் உங்களுடையது ஆலமரம் இல்லை, விழுதும் இல்லை, அதனால் இதை ஆறுதலாகச் சொல்லவில்லை.

அந்த 40இல் பூ இருக்கிறதா? பூவரசம்பூ காலையில் மஞ்சளாக விரிந்து, வாடும்போது செந்நிறமாக மாறும். இரண்டு வருடம் பார்த்தவருக்கு அது தெரிந்திருக்கும். நேரம் குறித்திருந்தால் அந்த வரிசையில் அடுக்கிப் பாருங்கள், ஒரு நாள் முழுக்க அந்த மரம் இருந்தது தெரியும். வெட்டிய இடத்தில் அடிமரம் மிச்சமிருந்தால் அதையும் வரையுங்கள், 41ஆவது படமாக. வளையங்கள் தெரிந்தால் எண்ணவும் செய்யலாம்.

வெட்டிய கிளை எங்காவது கிடக்கிறதா என்று விசாரியுங்கள். பச்சை இருந்தால் கைப்பருமனில் ஒரு போத்து நறுக்கி, ஒரு முழம் மண்ணில் இறக்கி, மேல் வெட்டில் சாணியை அப்பிவிடுங்கள். பூவரசு போத்தில் வரும். தண்ணீர் தேங்கக்கூடாது, ஆடு எட்டாத இடமாகப் பார்த்து வையுங்கள்.